சித்தப்பாவின் கிட்டாரில் கை வைக்கலாமா?

கேள்வி: இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா போன வருடம் காலமானார். அவருடைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரும் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பும் (ஒலிபெருக்கி) என்னிடம் வந்திருக்கின்றன. கிட்டார் முதலில் சன்பர்ஸ்ட் நிறம், நடுவில் மஞ்சளாகி ஓரம் கறுத்துப்போவது. எழுபதுகளில் சித்தப்பாவே அதற்குக் கறுப்பு அடித்துவிட்டார். வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் 137 6613 என்ற எண் இருக்கிறது. ஆம்பின் ஸ்பீக்கரில் உள்ள எண் 465 என்று தொடங்குகிறது. ஆம்ப் பல வருடமாகச் சும்மா கிடந்தது. பழைய இரட்டைப் பின் பிளக்தான். நான் விடுமுறை நாட்களில் நண்பர்களோடு வாசிப்பவன். ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) பள்ளம் விழுந்துவிட்டன. மேல் ஸ்தாயியில் சுரம் செத்துப்போகிறது. ஒரு சேகரிப்பாளர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு சால்டர் பற்றவைப்பைக்கூடத் தொடாதீர்கள், மதிப்பு போய்விடும். இப்படியே எனக்குக் கொடுங்கள்" என்றார். நண்பர்களோ, "வாங்கி அலமாரியில் பூட்டுவார். இவர்களால்தான் நல்ல கிட்டாரெல்லாம் வாசிப்பவன் கைக்கு எட்டாமல் போனது" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? சித்தப்பா கடைசியாக மாட்டிய கம்பிகள் துருப்பிடித்து இன்னும் அதிலேயே இருக்கின்றன. அதையாவது கழற்றலாமா?

பதில்:

வணக்கம். அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆம்பை இன்னும் பிளக்கில் சொருகிப் பார்க்கவில்லை என்றால், பார்க்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

இனி எண்கள். நல்லவேளையாக எழுதி அனுப்பினீர்கள். 137 என்பது பாட்டைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி. 66 என்பது ஆண்டு, 13 என்பது வாரம். அதாவது அந்த வால்யூம் பாட் 1966 மார்ச் கடைசியில் செய்யப்பட்டது. கிட்டாரும் அதே மாதம் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஃபெண்டர் அந்த வருடம் பாட்களைக் குவியலாக வாங்கி வைத்தது; 1966 தேதியிட்ட பாட்கள் 1969 வரையிலான கிட்டார்களில்கூடக் கிடைக்கின்றன. எனவே பாட் சொல்வது, கிட்டார் அதற்கு முந்தியது இல்லை என்பதை மட்டும்தான். மிச்சத்தை நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், அடிப்பகுதி சொல்லும். பின்பக்கத்து நான்கு திருகுகளைக் கழற்றினால் நெக்கின் குதிகாலில் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள். அந்தத் திருகுகளும் அறுபது வயதானவை.

இதில் ஒரு விஷயம் ஏற்கெனவே தெளிவாகிவிட்டது. லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். சேகரிப்பவர்கள் அந்தத் தேதியில் ஒரு கோடு கிழித்துவைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் தங்கம், இந்தப்பக்கம் பித்தளை. விற்ற மறுநாள் தொழிற்சாலையில் அதே ஆட்கள்தான் அதே மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றங்கள் மெல்ல மெல்லத்தான் வந்தன. ஆனால் விலைக்குக் கோடு பிடிக்கும். உங்களுடையது கோட்டுக்கு இந்தப்பக்கம், தலை பெரிதான காலத்துக் கிட்டார்.

சரி, சேகரிப்பாளர் சொன்ன சால்டர் விஷயத்துக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் காசு கொடுப்பது மரத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் மட்டும் என்று நினைத்தால் அவர்கள் செய்வது எல்லாமே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அவர்கள் உண்மையில் வாங்குவது சாட்சியை. இந்தப் பொருள் தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறது என்பதற்கான சாட்சி. பிக்கார்டைத் (கம்பிகளுக்கு அடியில் உடம்பை மூடும் தகடு) திறந்தால் பழைய சால்டர் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், ஓரத்தில் சால்டரோடு சேர்க்கும் ஃப்ளக்ஸ் பசை தேன் நிறத்தில் காய்ந்திருக்கும். பற்றவைக்கும் இரும்பு மறுபடி தொட்ட இடம் தனியாகப் பளபளக்கும். பளபளப்பைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வரும்: பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) இதனுடையதுதானா? அதற்கு அப்புறம் எல்லாமே சந்தேகம்தான். போலிகள் இவ்வளவு புழங்கும் சந்தையில் தொடாத ஒரு சால்டர் முனை என்பது கையெழுத்து மாதிரி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய கிட்டார் பழுதுக்கு வந்தது, கரகரவென்று சத்தம். ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்திருந்தால் பத்து நிமிட வேலை. நான் ஆர்வக்கோளாறில் மூன்று பாட், ஸ்விட்ச், ஜாக் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, பழையதைக் குப்பைக்கூடையில் வீசினேன். கிட்டார் அருமையாக வாசித்தது. உடைமையாளரும் மகிழ்ச்சியாகத்தான் எடுத்துப்போனார். ஆறு வருடம் கழித்து விற்க வந்தபோதுதான், "பழைய பாட் எங்கே?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இப்போது என் பட்டறையில் கழற்றும் ஒரு வாஷர்கூடப் பெயரெழுதிய பைக்குள் போய் வாடிக்கையாளர் கையில் சேரும்.

அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியது தொடலாமா கூடாதா என்பது இல்லை. உங்கள் கிட்டாரில் இன்னும் எவ்வளவு சாட்சி மிச்சமிருக்கிறது?

சித்தப்பா கறுப்பு அடித்தபோதே பாதி போய்விட்டது. மறுபூச்சு பூசிய பழைய கிட்டாருக்கு, மற்றதெல்லாம் அசலாக இருந்தாலும், தோராயமாகப் பாதி விலை என்பது சந்தையில் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு. ஆக, "மதிப்பு போய்விடும்" என்று அவர் சொன்னது எழுபதுகளிலேயே நடந்து முடிந்த விஷயம். இதை அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வாங்கும்போது மறுபூச்சைக் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டு, வைத்திருக்கும்போது மட்டும் தொடாதே என்றால் எப்படி?

ஆனால் முடிவுக்கு வருமுன் ஒன்று பாருங்கள். பிக்கார்டைக் கழற்றி அதன் அடியிலும், நெக் உட்காரும் குழியிலும் டார்ச் அடியுங்கள். அந்தக் காலத்தில் வீட்டில் பூசியவர்கள் பலர் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்துவிடுவார்கள். ஓரங்களில் மஞ்சளும் சிவப்பும் எட்டிப்பார்த்து, அதன்மேல் கறுப்பு தோல் மாதிரி கிடந்தால் அசல் சன்பர்ஸ்ட் உள்ளே உயிரோடு இருக்கிறது. கறுப்பை மட்டும் பொறுமையாக உரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி மீண்ட கிட்டாருக்கு முழு அசல் விலை வராவிட்டாலும் நல்ல விலை வரும். மரம் வரைக்கும் தேய்த்திருந்தால் அந்தப் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், உள்ளே இருந்தாலும் உரிக்க மாட்டேன். ஐம்பது வருடம் சித்தப்பாவின் முழங்கை தேய்த்த கறுப்பு அது. ராக் பாடகர் நீல் யங்கின் 'ஓல்ட் பிளாக்' 1953-ஆம் வருடத்து கிப்சன் லெஸ் பால். தங்க நிறத்தில் பிறந்ததற்கு யாரோ கறுப்பு அடித்தார்கள். அவர் அதை உரிக்கவும் இல்லை, வாசிப்பதை நிறுத்தவும் இல்லை. ஆனால் இது உங்கள் சொத்து, உங்கள் விருப்பம். பார்த்துவிட்டாவது முடிவு செய்யுங்கள்.

ஃப்ரெட்டைத் தாராளமாக மாற்றுங்கள். டயர் தேய்ந்தால் மாற்றுவதில்லையா? லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கவே தெரியாது. நெக்கைப் பசையில் ஒட்டாமல் திருகில் மாட்டியது சுலபமாகச் செய்யவும், கெட்டால் கழற்றிப் போட்டு வேறு மாட்டவும்தான். மாற்றி மாற்றி உழைக்கட்டும் என்று வடிவமைத்த கருவியை, எதையும் மாற்றாமல் இருந்தால்தான் மதிப்பு என்று நாம் வணங்குகிறோம். அந்த மனுஷர் சிரித்திருப்பார்.

ஆனால் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். 1962-இன் நடுவாக்கிலிருந்து ஃபெண்டர் ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டை (ஃப்ரெட் பதிக்கும் பலகை) மெல்லிய, வளைந்த தகடாக ஒட்ட ஆரம்பித்தது. அதற்கு முந்தைய நெக்குகளில் தட்டையான, தடித்த பலகை. உங்கள் கிட்டாரில் இருப்பது ரோஸ்வுட் என்றால் மெல்லியதுதான். அந்தக் காலத்து வளைவு ஏழே கால் அங்குல ஆரம், நன்றாக உருண்டிருக்கும். கம்பியை இழுத்து வளைத்து வாசிப்பவர்களுக்கு அது தோதுப்படாது என்று பல கைவினைஞர்கள் ஃப்ரெட் மாற்றும்போதே பலகையை இழைத்துக் கொஞ்சம் தட்டையாக்கிவிடுவார்கள். தடித்த பலகையில் செய்தால் பரவாயில்லை. மெல்லிய தகட்டில் செய்தால் ரோஸ்வுட் நடுவில் காகிதமாகிவிடும், போனால் திரும்பாது. "வளைவை மாற்றாதீர்கள், பலகையைத் தேவைக்கு மேல் இழைக்காதீர்கள்" என்று எழுதியே கொடுங்கள். ஏன் என்று திருப்பிக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். எடுத்த ஃப்ரெட்டுகள் பைக்குள்.

பிக்கப் வேலை செய்கிறதா? செய்தால் தொடாதீர்கள். சாட்சி என்று இன்னும் மிஞ்சியிருப்பது பிக்கார்டுக்கு அடியில்தான். அதைக் கெடுக்க ஒரு காரணமும் இல்லை. பாட் கரகரத்தால் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே போதும்.

இப்போது ஆம்ப். கிட்டாருக்குச் சொல்லும் நியாயத்தை அப்படியே இதற்கும் சொல்வதுதான் சேகரிப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு. கிட்டார் சும்மா கிடந்தால் தூசி படியும், அவ்வளவுதான். கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அந்த மின்சாரத்தைச் சீராக்கித் தருபவை ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்குள் ஈரமான ரசாயனம் இருக்கிறது. பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். உங்களுடையவை மாற்றப்படவில்லை என்றால் வயது அறுபதை ஒட்டி. ஓடாமல் கிடந்தால் இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆம்பின் உள்ளே சேசிஸ் என்ற உலோகச் சட்டத்தின் மேல் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் காகித உறை போட்ட உருளைகளாக வரிசையாகப் படுத்திருக்கும். முனையில் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தால், அல்லது பிசுபிசுவென்று கசிந்திருந்தால், அதுதான் அதன் மரணச் சான்றிதழ். அந்த நிலையில் பவர் கொடுத்தால் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகும். கூடவே பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடலாம். இங்கேதான் வேடிக்கை. அந்த ஆம்பில் உண்மையான சாட்சி ட்ரான்ஸ்ஃபார்மர்தான். ஷூமேக்கர் நிறுவனம் செய்ததானால் 606 என்று தொடங்கும் எண்ணும் தேதியும் அதன்மேல் இருக்கும். கெப்பாசிட்டரை அசலாக வைத்திருக்கிறேன் என்று ட்ரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுப்பது, கூரையைக் காப்பாற்ற வீட்டைக் கொளுத்துவது.

அந்த இரட்டைப் பின் வயரும் போகட்டும். எர்த் இல்லாத அந்தக் கால ஆம்பில் மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். தொழிலில் அதற்கு 'டெத் கேப்' என்றே பெயர். அது பழுதானால் சேசிஸில் மின்சாரம் வரும்; சேசிஸிலிருந்து கிட்டார் கம்பிக்கும் வரும். உங்கள் விரல் கம்பியில், உதடு எர்த் ஆன மைக்கில். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மூன்று பின் வயர் போட்டு அந்தக் கெப்பாசிட்டரை நீக்கச் சொல்லுங்கள். நியாயமான எந்தச் சேகரிப்பாளரும் இதற்காக விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால் அவருக்கு விற்காதீர்கள். ஆம்ப் அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, 117 வோல்ட். உங்கள் வீட்டில் 230 என்றால் இடையில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

இதை நீங்களே திறந்து செய்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதேபோல, "எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டேன் சார்" என்று பெருமையாகச் சொல்லும் மெக்கானிக்கிடமும் ஜாக்கிரதை. உள்ளே நீல நிறத்தில் இருக்கும், ஒலிச் சமிக்ஞையைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து, டி.சி. (நேர் மின்சாரம்) கசிவதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரில் 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனம். அந்த மாடலில் அப்போது வந்ததுதான், அநேகமாக அசல். அதன் காகிதக் கூம்பு கிழிந்தால் புதுக் கூம்பு போட்டு ஓட வைக்கலாம், ஆனால் அசல் என்ற பேச்சு போய்விடும். ஆம்ப் 22 வாட்தான் என்றாலும் மேடையில் முழுச் சத்தத்தில் வைத்து வாசிப்பீர்கள் என்றால், இன்றைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிக்கொண்டு பழையதைப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நான்கு போல்ட் வேலை. எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

உங்கள் நண்பர்களின் கோபத்தைப் பற்றி. அதில் நியாயம் இருக்கிறது, முழு நியாயம் இல்லை.

கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் இன்று சேகரிப்பவர்களின் உச்சக் கனவு. ஆனால் அன்றைக்கு அது போணியாகவில்லை. அதனால்தான் 1961-இல் வடிவத்தையே மாற்றினார்கள். பிறகு அதைப் பழைய சாமான் கடைகளில் கண்டெடுத்து உயிர் கொடுத்தவர்கள் யார்? கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன், மைக் ப்ளூம்ஃபீல்ட் என்று வாசித்தவர்கள். அவர்கள் எழுப்பிய ஓசைதான் இன்றைய விலை. அந்த வகையில் சேகரிப்பாளர் வாசிப்பவனுக்குக் கடன்பட்டவர். சரி, மறுபக்கம்? எழுபதுகளில் ஸ்ட்ராட்டிலும் டெலிகாஸ்டரிலும் உளியை வைத்துக் குழி தோண்டி வேறு பிக்கப் நுழைத்ததும், மேல்பூச்சைச் சுரண்டி மரநிறமாக்கியதும் வாசித்தவர்கள்தான். நானும் தோண்டியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு கிட்டாரைத் தொடாமல் பெட்டியில் வைத்த கிறுக்கர்கள் இல்லாவிட்டால், அசல் என்பது எப்படி இருந்தது என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ளவே வழியிருக்காது. நான் ஒரு பிக்கப்பைச் சரிசெய்யும்போது பார்த்துச் செய்யும் மாதிரிகள் அவர்கள் வைத்திருந்தவைதான்.

இன்னொன்று, சேகரிப்பாளர் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு ஆட்களைத் திட்டுகிறோம். ஒருவர் பாட் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார், இரவில் எடுத்து இரண்டு கார்டு (சுரக்கூட்டு) வாசித்துவிட்டுத் துடைத்து வைப்பார். மற்றவருக்கு கிட்டாரும் ஒன்று, காலி மனையும் ஒன்று. இவர்கள் 2008-க்கு முந்தைய வருடங்களில் விலையைக் கண்டபடி ஏற்றினார்கள். பொருளாதாரம் சரிந்ததும் விற்க முடியாமல் விழித்தார்கள். உங்கள் நண்பர்கள் கோபப்பட வேண்டியது இந்த இரண்டாமவர் மேல்.

அதோடு இந்தச் சந்தை தன் விதியைத் தானே மீறும். கிளாப்டனின் 'பிளாக்கி' மூன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தது. பெயரில்லாத ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் உதிரிபாகக் கிட்டார் என்று ஒதுக்கிவிடுவார்கள். அது 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. பிங்க் ஃப்ளாய்டு குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் நெக் மாறியது, பிக்கப் மாறியது. 2019-இல் அதே கிறிஸ்டீஸில் 39,75,000 டாலர். வயலின் உலகத்தில் இந்தச் சண்டையே கிடையாது. இன்று வாசிக்கப்படும், ஸ்ட்ராடிவாரி என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த வயலின்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் நெக் மாற்றப்பட்டிருக்கிறது. யாரும் அதற்காக மூக்கைச் சுளிப்பதில்லை. நம் ஆட்கள் ஒரு சால்டருக்காக அழுகிறார்கள்.

விற்பதா வைத்துக்கொள்வதா? உங்கள் கிட்டார் தொடாத சன்பர்ஸ்டாக, 1965-க்கு முந்தியதாக இருந்திருந்தால், நான் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்: ஃப்ரெட்டைத் தொடாதீர்கள், நல்ல விலைக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் வாசிக்க இரண்டு அருமையான கிட்டார் வாங்குங்கள் என்று. அப்படிப்பட்ட கிட்டாரை மேடைக்குக் கொண்டுபோனால் பயத்திலேயே வாசிப்பு கெடும். உங்களுடையது வாசிப்பவருக்கான கிட்டார். சந்தையிலும் அதற்கு அந்தப் பெயர்தான். சித்தப்பா பூச்சை மாற்றியபோதே அந்த முடிவை எடுத்துவிட்டார். நீங்கள் வாசிக்காமல் வைத்திருப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

எதற்கும், விற்கும் எண்ணம் துளியாவது இருந்தால் வாங்கும் ஆர்வம் இல்லாத ஒருவரிடம் காசு கொடுத்து மதிப்பீடு வாங்குங்கள். வாங்க வந்தவரே விலையும் சொல்வது சரிப்படாது. வேலைக்குக் கொடுக்கும் முன்பு எல்லாப் பக்கமும், பிக்கார்டுக்கு அடியிலும் படம் எடுத்துவிடுங்கள்; ஆம்பின் உள்ளே மெக்கானிக்கையே வேலைக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்கு விற்பதானால் ஃப்ரெட்போர்டு எந்த ரோஸ்வுட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992-இலிருந்து அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம்.

கடைசியாகக் கம்பிகள். சேகரிப்பவருக்கு அவற்றால் ஒரு மதிப்பும் இல்லை. துரு ஃப்ரெட்போர்டில் கறை வைக்கும், அதனால் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கட்டரால் ஆறையும் ஒரே நேரத்தில் நறுக்காதீர்கள். ட்ரெமோலோ ஸ்பிரிங், கம்பிகள் உட்காரும் பாலத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கும். அறுந்த கம்பி கண்ணுக்கு வரும். ட்யூனரைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், தளர்ந்ததும் சுருளாகச் சுற்றுங்கள். ஃப்ரெட் போடும் அதே பையில் போட்டு, மேலே சித்தப்பா பெயரையும் தேதியையும் எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.